ஹெலிகாப்டர் பிள்ளை

நான் ஹெலிகாப்டரில் பிறந்தவள். இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் வந்தால் பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்து, "மிஸ், ஷாஹிதா ஹெலிகாப்டர்ல பொறந்தவ மிஸ்" என்று கொளுத்திப் போடுவார்கள். போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் வாப்பாவின் பாத்திரக் கடைக்குப் போனால், பக்கத்துக் கடை பெங்காலிக்காரர் "ஹெலிகாப்டர்வாலி ஆ கயீ", ஹெலிகாப்டர்க்காரி வந்துவிட்டாள் என்று அங்கிருந்தே கூவுவார். ஷமீர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பெருமைப்பட என்னிடம் வேறு பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதையை வாப்பா சொல்லித்தான் கேட்க வேண்டும். அப்போது அவர் அந்தமானின் வடக்கே மாயாபந்தரில் கடை வைத்திருந்தார். உம்மாவுக்கு நாள் நெருங்கும் முன்பே வலி கண்டுவிட்டது. ரோட்டு வழியாக வந்தால் ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்கு முன்னால், வண்டிகளைச் சேர்த்து அனுப்புகிற கான்வாய்க்குக் காத்திருக்க வேண்டும், பிறகு கிரீக்கில் வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கிற படகுக்குக் காத்திருக்க வேண்டும், போர்ட் பிளேர் வந்து சேருவதற்குள் பொழுது போய்விடும். டாக்டர் ஹெலிகாப்டருக்குச் சொல்லிவிட்டார். இங்கே ஹெலிகாப்டரில் ஏறுகிற ஆட்களை மூட்டை முடிச்சோடு எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். நோயாளியானாலும் அதிகாரியானாலும் தராசில் ஏறியே ஆக வேண்டும்.

"கொப்பரை மூட்டை நிறுக்கிற தராசுல ஒங்க மாமிய ஏத்தி எடை பாத்தாங்க மாப்புள" என்று கல்யாணமான புதிதில் ஷமீருக்கு வாப்பா கதையை ஆரம்பித்தார். "ஏறும்போது ஒரு ஆளு. எறங்கும்போது ரெண்டு ஆளு. ஆனா எடை அதே எடை!"

இந்த இடத்தில் எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரித்து முடிக்கும்வரை வாப்பா காத்திருப்பார்.

"பாராட்டாங் தீவு மேல வருது. மழைன்னா மழை, வெளிய ஒண்ணும் தெரியல. அப்பத்தான் பொறந்துச்சு. அழுதுச்சு பாருங்க ஒரு அழுகை, மெஷின் சத்தமே அமுங்கிப்போச்சு! பைலட்டே திரும்பிப் பாத்துட்டாருன்னா பாத்துக்குங்க!"

கதை நடக்கும்போது உம்மாவுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன். இடிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். என் பிறந்தநாள் பிப்ரவரியில் வரும். பிப்ரவரியில் இங்கே கிணறு வற்றும், குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். கண் தெரியாத மழைக்கு எங்கே போவது? சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அந்தமான் மழைக்கு மாசம் ஏது புள்ள" என்று வாப்பா முடித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். ஷமீருக்கு மாயாபந்தரில் மின்சார ஆபீஸில் வேலை, நான் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். ஸ்கேன் எடுக்க இருவரும் போர்ட் பிளேர் வந்திருந்தோம். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் திரும்பிப் போவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடித்துவிட்டு, ஒன்பதாம் மாதம் பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

உம்மா விடவில்லை. "போகாதே, இங்கயே இரு" என்றாள். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. "சொன்னா கேளு" என்பாள், அவ்வளவுதான். எனக்கும் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "அப்படித் திடீர்னு வலி வந்தா ஹெலிகாப்டர் இருக்குல்ல! நான் பொறந்த மாதிரி என் புள்ளையும் மேலயே பொறந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லி வைத்தேன். உம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சோற்றை அப்படியே கொட்டிவிட்டு, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

ஒரு கேலிப் பேச்சுக்கு இவ்வளவு கோபமா? எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. இன்னொன்றும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளை வரப் போகிறது, உம்மா ஒரு சின்னச் சட்டைகூடத் தைக்கவில்லை. ஊரில் உள்ள பெண்களெல்லாம் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்கள், உம்மா தொட்டதே இல்லை. தன்னைப் பிடிக்கவில்லை, அதனால்தான் இப்படி என்று ஷமீர் நினைத்துக்கொண்டு, பாவம், மாமிக்குப் பயந்து பால்கனியிலேயே நின்றார். என்னைத்தான் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். அதைச் சொல்லி ராத்திரி அழவும் செய்தேன்.

சமாதானத்துக்கு வாப்பா கண்டுபிடித்த வழிதான் விமான மியூசியம். ஏர்போர்ட்டைத் தாண்டிப் புதிதாகத் திறந்திருந்தார்கள். யாரோ போனில் அனுப்பிய படத்தில் ஒரு பழைய ஹெலிகாப்டர் நின்றது. வாப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதான்! இதேதான்! ஞாயித்துக்கிழமை எல்லாரும் போறோம். மாப்புளைக்கு இவ பொறந்த எடத்தக் காட்ட வேணாமா" என்று குதித்தார்.

"நான் வரல" என்றாள் உம்மா.

சரி என்று நாங்கள் மூவரும் கிளம்பி ஆட்டோவில் உட்கார்ந்தோம். ஆட்டோ நகரும் சமயத்தில் உம்மா புர்காவை மாட்டிக்கொண்டு, கையில் டிபன் கேரியரோடு வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஏன் மனம் மாறியது, சாப்பாட்டை எப்போது கட்டினாள், ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

மியூசியம் என்று பெயர்தானே தவிர, அது ஒரு பெரிய தகரக் கொட்டகையும் அதற்குப் பின்னால் ஒரு புல்வெளியும். தரையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு கழற்றி வைத்த என்ஜின் வந்தது, பிறகு பைலட் உடுப்பு மாட்டிய பொம்மை வந்தது, பிறகு கழிப்பறை வந்தது, பிறகு மறுபடியும் அதே என்ஜின் வந்தது. எங்களுக்கு முன்னால் போன தெலுங்குக் குடும்பம் எதிர்ப்பக்கமாக வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது. "இதுல யாரோ அம்ப திருப்பிப் போட்டுட்டானுவ" என்று வாப்பா குனிந்து தரையை ஆராய்ந்தார். ஷமீர் பொம்மையோடு செல்ஃபி எடுத்தார். உம்மா மட்டும் அம்புக்குறியைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் திறந்திருந்த கதவு வழியாக நேராகப் புல்வெளிக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

ஹெலிகாப்டர் அங்கே நின்றது. வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான் எவ்வளவோ பெரிதாக நினைத்து வைத்திருந்தேன். இது ஒரு மினி பஸ் அளவுகூட இல்லை. நான் பிறந்த இடம் என்று நெஞ்சு அடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன், அப்படி எதுவும் ஆகவில்லை.

"இதேதான்" என்றார் வாப்பா.

"இது இல்ல. அதுக்கு வாலுல செவப்பு இருந்துச்சு" என்றாள் உம்மா.

"நீ படுத்துக்கிட்டு ஏறுனவ. வால எப்படிப் பாத்தே?"

"நடந்துதான் ஏறுனேன். தராசுல ஏத்துனீயளே, படுக்க வச்சா ஏத்துனீய?"

வாப்பா காவலாளியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். இதே ஹெலிகாப்டரில்தான் தன் பிள்ளை பிறந்தது என்று ஹிந்தியில் ஒரே மூச்சில் சொல்லி, இது எந்த வருஷத்தில் இங்கே ஓடியது என்று கேட்டார். காவலாளி நல்ல மாதிரி. கண்கள் விரிய என்னையும் என் வயிற்றையும் பார்த்தார். ஆனால், "பதா நஹீ சாப், யே தோ மெயின்லேண்ட் சே ஆயா" என்று கையை விரித்துவிட்டார். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்ததாம், அவருக்கு வேறு எதுவும் தெரியாதாம்.

"இங்கேருந்து மெயின்லேண்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கும்" என்று வாப்பா ஒரே போடாகப் போட்டார்.

இதுவா, இது இல்லையா? எனக்குக் குழப்பம் கூடிக்கொண்டே போனது. யாரை நம்புவது? உம்மா அதற்குள் இரும்புப் படிகளில் ஏறிவிட்டாள். நானும் ஷமீரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

உள்ளே பாதி இருக்கைகளை எடுத்துவிட்டு ஒரு ஸ்ட்ரெச்சரை வைத்துக் காட்டியிருந்தார்கள். முன்னால் பைலட்டின் முதுகு தெரிகிற மாதிரி இன்னொரு பொம்மை. ஓரத்தில் ஒரு பச்சை பட்டன், பக்கத்தில் 'அழுத்துங்கள்' என்கிற மாதிரி ஒரு கைப் படம். கைப் படத்தைப் பார்த்தால் ஷமீருக்குக் கை சும்மா இருக்குமா? அழுத்திவிட்டார்.

சத்தம் வந்தது. ஸ்பீக்கரில் போட்டதுதான், ஆனாலும் ஹெலிகாப்டர் முழுக்க அதிர்ந்தது. தரையில் வைத்திருந்த டிபன் கேரியர் கடகடவென்று ஆடியது. என் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. வாப்பா ஷமீரிடம் கதையை ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. கையைத் தராசு மாதிரி தூக்கினார், ஒரு விரல் காட்டினார், பிறகு இரண்டு விரல் காட்டினார். வாய் அசைகிறது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஷமீர் காதில் கை வைத்து "என்ன மாமா? என்ன?" என்கிறார் என்று நினைக்கிறேன், அதுவும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி உம்மாவைப் பார்த்தேன். உம்மா சிரிக்கவில்லை. வாப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

சத்தம் தானாக நின்றது. "மெஷின் சத்தமே அமுங்கிப்போச்சு மாப்புள!" என்கிற வாப்பாவின் குரல் மட்டும் தனியாக, ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

"நீங்க எங்க உக்காந்திருந்தீய?" என்றாள் உம்மா.

"எப்ப?"

"அன்னிக்கி."

வாப்பா பொம்மைக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினார். "அங்கதான். முன்னாடி. எடை சரிக்கட்டணும்னு என்னைய முன்னாடி உக்கார வச்சாங்கல்ல."

"முதுகக் காட்டிக்கிட்டு."

"ஆமா."

"அப்ப எப்படிக் கேட்டுச்சு ஒங்களுக்கு?"

வாப்பா அந்த இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். நான் நடுவில் புகுந்தேன். "என்ன உம்மா கேக்குறீங்க? நான் அழுததுதானே? என் தொண்டை ஒங்களுக்குத் தெரியாதா? பைலட்டையே திரும்ப வச்சவ நான்."

"நீ இல்ல" என்றாள் உம்மா.

நான் சிரித்த வாயை மூட மறந்து நின்றேன்.

"நீ இதுல பொறக்கல ஷாஹி. ஒனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான். ஏழு மாசத்துலயே வலி கண்டுருச்சு. அவன்தான் பொறந்தான். இங்க எறங்குறதுக்குள்ள போயிட்டான்."

எனக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஷமீர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இருபத்தைந்து வருஷமாக என்னுடையது என்று நான் தூக்கிக்கொண்டு திரிந்த கதை வேறு யாருடையதோ. கோபம் வந்தது, யார் மேல் என்று புரியவில்லை. அழுகை வந்தது, யாருக்காக என்றும் புரியவில்லை.

உம்மா என்னைப் பார்க்காமல் வாப்பாவிடமே பேசினாள். "பள்ளிவாசல் ஹஸ்ரத் கேட்டாங்க. புள்ள அழுதுச்சா, உசுரு இருந்துச்சான்னு. இருந்தாத்தான் பேரு வச்சு, ஜனாஸா தொழுது அடக்கணும்னாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. வாய் தொறந்து இருந்துச்சு. கை ஆடுச்சு. ஆனா அந்த மெஷின்ல எல்லாமே ஆடிக்கிட்டு இருந்துச்சே. என் கையும் ஆடுச்சு, போர்த்துன துணியும் ஆடுச்சு. அவனா ஆடுனானா, மெஷின் ஆட்டுச்சா? நீங்கதான் அழுதான்னு சொன்னீய. காதால கேட்டேன்னு சொன்னீய. அப்ஸல்னு பேரு வச்சீய. நான் ஒண்ணும் கேக்கல. இப்பக் கேக்குறேன். நெசமாவே கேட்டுச்சா?"

உம்மா எதற்காக ஆட்டோவில் வந்து ஏறினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம், எவ்வளவு சத்தம் என்று பார்க்க வந்திருக்கிறாள்.

வாப்பா ஓர் இருக்கையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உம்மாவிடம், "கேக்கல சம்சாத்" என்றார்.

உம்மா ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கல. திரும்பிப் பாத்தேன். நீ அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தே. பேசுற ஆளப் பாக்குற மாதிரி பாத்தே. நீ அப்படிப் பாக்குறேன்னா அவன் ஏதோ சொல்லிக்கிட்டு இருக்கான்னுதான் அர்த்தம். அதான் அழுதான்னு சொன்னேன். அல்லாஹ் என்னையக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

உம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பார்த்து உம்மா அப்படி அழுததில்லை. நான் தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

"என்னைய எதுக்கு வாப்பா அவனாக்குனீங்க?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

"நான் ஆக்கல புள்ள. நீ பொறந்தப்புறம் மாயாபந்தர விட்டு இங்க வந்தோம். ஊரு மாறுனாலும் கதை நமக்கு முன்னாடி வந்துருச்சு. ஹெலிகாப்டர்ல ஒரு அம்மாவுக்குப் புள்ள பொறந்துச்சுன்னு பஜார் முழுக்கத் தெரிஞ்சிருக்கு, பொழைக்கலன்னு மட்டும் தெரியல. பக்கத்துக் கடைக்காரரு ஒன்னையக் கையில வாங்கி, இதானா அந்த ஹெலிகாப்டர் புள்ளன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னா, அப்ப அது எங்கன்னு கேப்பாருல்ல? ஆமான்னு தலையாட்டிட்டேன். அப்புறம் எல்லாரும் கேட்டாங்க. சொல்லச் சொல்ல..." வாப்பா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதையிலயாவது ரெண்டு பேரா எறங்கட்டுமேன்னுதான்."

நூறு தடவை நான் சிரித்த இடம் அது.

"நீ ஹெலிகாப்டர் இருக்குல்லன்னு சொன்னப்ப எனக்குச் சோறு எறங்கல ஷாஹி" என்றாள் உம்மா. "ஒனக்கும் இதே ஏழாம் மாசம். அந்த ரோட்டுல போறேங்குற. நான் எதைச் சொல்லித் தடுப்பேன்? ஒன் வவுத்தத் தொடக்கூட எனக்குக் கை வரல. நான் தொட்டா ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கு."

இத்தனை நாளாக எதை எதையோ நினைத்து அழுதிருக்கிறேன். அவள் கையை எடுத்து நானே என் வயிற்றில் வைத்தேன். அவள் இழுக்கப் பார்த்தாள், விடவில்லை. உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது.

"இப்ப மெஷின் எதுவும் ஓடல உம்மா" என்றேன். "இது தானாத்தான் ஆடுது."

அவள் கையை எடுக்கவே இல்லை.

"அப்ப நான் எங்கதான் பொறந்தேன்?" என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் தெரிய வேண்டியிருந்தது.

"இங்க, பெரியாஸ்பத்திரியில. மூணு மாசம் முன்னாடியே வந்து ரூம் எடுத்துத் தங்குனோம். காலைல, நல்ல வெயிலு. ஒங்க வாப்பா டீ குடிக்கப் போயிருந்தாரு."

"அழுதேனா?"

"ஐயோ" என்று உம்மா கண்ணீரோடு சிரித்தாள். "ஆஸ்பத்திரியே எழுந்து நின்னுச்சு."

ஷமீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமி, நாளைக்கு நான் மட்டும் போறேன். இவ இங்கயே இருக்கட்டும். ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்" என்றார். பரீட்சை இருக்கிறதே என்று என் வாய் வரைக்கும் வந்தது. உம்மாவின் கை இன்னும் என் வயிற்றில் இருந்தது. "சரி மச்சான்" என்றேன்.

வெளியே அந்தத் தெலுங்குக் குடும்பம் ஏறுவதற்குக் காத்துக்கொண்டு நின்றது. ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். வாப்பா கடைசியில் இறங்கி, ஹெலிகாப்டரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். இதுவா, இது இல்லையா என்று இப்போது யாரும் சண்டை போடவில்லை.

காவலாளி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இதில் பிறந்த ஆளை ஹெலிகாப்டர் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம், மியூசியத்தில் மாட்டுவார்களாம். "ஆப் ஹீ ஹை னா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள்தானே?

வாப்பா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டியவள் நான். உம்மாவைப் பார்த்தேன்.

"நஹீ" என்றேன். "மேரா படா பாயி. அப்ஸல்." நான் இல்லை, என் அண்ணன்.

காவலாளி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வோ நஹீ ஆயா?" என்று கேட்டார். அவர் வரவில்லையா?

வாப்பா தரையைப் பார்த்தார். இத்தனை வருஷமாகியும் கடைத்தெரு ஹிந்தி நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத உம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆயா தா" என்றாள். வந்திருந்தான்.